நான் மூடிய பெட்ரோல் டேப்

எங்கள் பக்கம் சாலையில் யாராவது வண்டியோடு விழுந்துவிட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் வண்டியைத் தூக்கி நிறுத்துவார். இன்னொருவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்காதபடி பெட்ரோல் டேப்பை மூடுவார். மூன்றாமவர் செருப்புகளைத் தேடி எடுத்து ஜோடி சேர்ப்பார். விழுந்த ஆளைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். இவர்களெல்லாம் கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அரூர் சாலையில் விழுந்த வண்டி ஒன்று பெட்ரோல் ஒழுகித் தீப்பிடித்து எரிந்ததை ஊரே நின்று பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து டேப்பை மூடுவது இங்கே எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற வேலை. நானும் இருபது வருடமாக மொபெட் ஓட்டுகிறவள். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியதும் குனிந்து டேப்பை மூடிவிட்டுத்தான் பையை எடுப்பேன்.

விமானத்திலும் அதைத்தான் செய்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு இருக்கிறது. நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமை என்றால் காட்டு வேலை. அன்று வீட்டுக்காரர் உரம் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். விடிய விடியத் தூறல் போட்டு மண் நசநசவென்று இருந்தது. சித்தேரி மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒன்பது மணி வாக்கில் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு சின்ன விமானம் போயிற்று. எங்கோ இருக்கிற பயிற்சிப் பள்ளியிலிருந்து அவ்வப்போது இப்படி ஒன்று வரும். முதலில் பிள்ளைகள் அண்ணாந்து கைகாட்டுவார்கள், பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. அன்று நான் நிமிர்ந்து பார்த்ததே சத்தம் திடீரென்று நின்றதால்தான்.

அது தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. நேராகத்தான் வந்தது. சமமான இடம் தேடுகிறது என்று எனக்கே புரிந்தது. பக்கத்துக் காட்டுத் தென்னை ஒன்றில் ஓர் இறக்கை இடித்தது. அப்புறம் ஒரு சுற்று சுற்றி எங்கள் கிழங்குச் செடிகளுக்குள் விழுந்தது. தகரக் கொட்டகை சரிந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஓடினேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். கிட்டே போகப் போகப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. வலது பக்கக் கதவு பிய்ந்து தொங்கியது. உள்ளே, இடது பக்கத்து இருக்கையில், ஒரு பெண். வெள்ளைச் சட்டை. காதை மூடுகிற கருவி கழுத்தில் சரிந்து கிடந்தது. இருபது, இருபத்தொன்று இருக்கும். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் வயது. வேறு யாரும் இல்லை. தனியாக ஓட்டி வந்திருக்கிறாள். கண் திறந்திருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் கீழே பார்த்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், தரையில், ஒரு சின்னக் கைப்பிடி. பக்கத்தில் ஆன், ஆஃப் என்று எழுதியிருந்தது. விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் பெட்ரோல் டேப்பைத் தெரியும். உள்ளே உடம்பை நுழைத்துக் கையை விட்டுத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருப்பினேன். மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வருகைப் பதிவேட்டில் பத்துப் பெயர் வாசிக்கிற நேரம். நிமிர்ந்தபோது மூச்சுச் சத்தம் இல்லை. கண் மட்டும் நான் முதலில் நின்ற இடத்தைப் பார்த்தபடி இருந்தது.

"கண்ணு, இந்தா பாரு, இங்க பாரு சாமி" என்று கன்னத்தைத் தட்டினேன். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். போட்ட பிறகு, யார் வீட்டுப் பிள்ளையோ, எந்தச் சாமியைக் கும்பிட்டவளோ என்று தோன்றியது. சும்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர் வந்து சேர்ந்தது. பக்கத்துக் காட்டு அக்கா பண்டிகைக்கு எடுத்து வைத்திருந்த, மடிப்புக் கலையாத புடவையைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினார். ஆண்கள் காடு முழுக்கச் சிதறிக் கிடந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி வரப்பில் அடுக்கினார்கள். அந்தப் பெண்ணின் ஷூக்கள் இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது, வீட்டுக்காரரும் உர மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். டேப்பை மூடியதை மட்டும் அவர் காதில் சொன்னேன்.

"மொதல்ல வந்தது யாரு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நானுங்க சார்."

"உள்ள எதையாச்சும் தொட்டீங்களா? தொட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னால தெரிஞ்சா கேஸாயிடும்."

வீட்டுக்காரரின் விரல்கள் என் முழங்கையை அழுத்தின. "இல்லீங்க சார்" என்றேன்.

"நீங்க வர்றப்ப உசுரு இருந்துச்சா?"

"இல்லீங்க."

முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவது வெட்கத்தில் வந்தது. இருந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மறுநாள் விமான விபத்தை விசாரிக்கிற அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்க்காரர், தாடி நரைத்தவர். வரப்பில் இருந்த அடுக்கைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

"யாரு இதையெல்லாம் எடுத்து அடுக்குனது?"

"நாங்கதானுங்க சார்" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர், பெருமையாக. "மிதிபட்டுறக் கூடாதுன்னு. பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம். ஒண்ணு கொறையாதுங்க."

அதிகாரி வரப்பிலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். எந்தத் துண்டு எந்த இடத்தில் விழுந்தது என்பதை வைத்துத்தான் அவர்கள் காரணம் கண்டுபிடிப்பார்களாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஆனாலும் அவர் கத்தவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது எங்கே கிடந்தது, அது எங்கே கிடந்தது என்று கேட்டுக் கேட்டுச் சின்னக் கொடிகளை நட்டார். என் முறை வந்தபோது, "உள்ள ஏதாவது அசைச்சீங்களா மேடம்? தப்பா நினைக்க மாட்டேன், சொல்லுங்க" என்றார். அவ்வளவு நல்லபடியாகக் கேட்டவரிடமும் நான் இல்லை என்றேன். நேற்று போலீசிடம் சொன்னதை இன்று எப்படி மாற்றுவது? ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிடும்படி ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். நாலைந்து நாளில் விமானத்தைத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றி, மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் வைத்துப் பூட்டினார்கள்.

மூன்றாவது வாரம் அந்தச் செய்தி வந்தது. எரிபொருள் போகிற வால்வு மூடியிருந்ததாம். விசாரணை முடியவில்லை என்று அதிகாரிகள் சொன்னதைச் சின்ன எழுத்தில் போட்டார்கள். விமானி தானே மூடினாரா என்பதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். டிவியில் கேட்கவே வேண்டாம். சிரித்த முகத்தோடு அவள் யூனிஃபார்மில் நிற்கிற போட்டோவைப் போட்டு, இது விபத்தா, வேறு ஏதாவதா என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். தற்கொலை என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் அதைச் சொல்ல அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையிலும் வந்துவிட்டது. "லவ் ஃபெயிலியராமே டீச்சர்" என்றார் ஒரு சக ஆசிரியை, டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே.

"உங்ககிட்ட வந்து சொன்னாளா?" என்று கத்தினேன். "அவ கையால மூடுனத நீங்க பாத்தீங்களா? செத்த புள்ளயப் பத்திப் பேசுற வாயில சோறு எப்படிங்க எறங்குது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவம், கண்ணெதிரே பார்த்தவள், மனசு கலங்கிவிட்டது என்று ஒருவர் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அவ்வளவு கோபப்பட்டவள், மூடியது நான்தான் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியவர்களை விட நான் எந்த விதத்தில் ஒசத்தி?

அந்த ஞாயிறு மாதா கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்காகச் சாமியார் முன் மண்டியிட்டேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுப்பாடத்தை மறைத்துவிட்டு, சார் கேட்கவே இல்லையே என்கிற பிள்ளைகளை நான் வெளுத்திருக்கிறேன். அன்று நானே அதைத்தான் செய்துவிட்டு வந்தேன். உள்ளே போனபோது இருந்த பாரம் வெளியே வரும்போதும் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டேப் விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். மூச்சு இருந்ததை அன்றுதான் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்தா பாரு" என்றார். "இப்பப் போயி சொன்னா, மொதல்ல ஏன் பொய் சொன்னேம்பான். நீ கவர்மெண்ட் வேலைல இருக்கற. கோர்ட்டுக்கு அலைய உன்னால ஆவுமா? போன புள்ள திரும்பி வரப் போறதில்ல."

அவர் கோழை இல்லை. வரப்புத் தகராறு ஒன்றுக்காக ஆறு வருடம் கோர்ட்டு வாசலில் நின்றவர். அந்த அலைச்சல் என்னவென்று தெரிந்ததால்தான் சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அப்படியே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அந்த மனிதர் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அவளுடைய அப்பா. ஒரு விடுமுறை நாளில், கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு எங்கள் காட்டுக்கு வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவராம். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இடத்தைக் காட்டச் சொன்னார். விமானம் விழுந்த இடத்தில் செடி இல்லாமல் ஒரு வட்டம் அப்படியே இருந்தது. உழுது போட எங்களுக்கு மனசு வரவில்லை. அவர் அங்கே குனிந்து மண்ணைத் தொட்டார். கண்ணாடித் துணுக்கு ஏதோ கையில் குத்தியது, அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கடசியா ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"நாங்க வர்றப்பவே உசுரு இல்லீங்க" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

காபி கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"என்னையக் கூப்ட்டு கேக்கறாங்க டீச்சர். புள்ளைக்கு மனக் கஷ்டம் ஏதாச்சும் இருந்துச்சா, யாரையாச்சும் விரும்புனாளான்னு. அவங்க வேலை, கேக்கறாங்க. அவ என்கிட்ட முந்தின நாளு போன் பண்ணி, அடுத்த மாசம் லீவு, நாட்டுக்கோழி அடிச்சு வெய்யுங்கன்னாளுங்க. அதச் சொன்னா எழுதிக்கறாங்க. ஆனா நம்பறாங்களான்னு தெரியல." டம்ளரைக் கீழே வைத்தார். "அவ அம்மாதானுங்க பாவம். புள்ள ஸ்கூல்ல எழுதுன நோட்டு எல்லாத்தையும் பரணையில இருந்து எறக்கிப்போட்டு, ஒண்ணொண்ணா பொரட்டறா. ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காளான்னு. ஆறாங்கிளாஸ் கணக்கு நோட்டக்கூட விடலீங்க. நாம எங்க தப்பு பண்ணுனோம், நாம எங்க தப்பு பண்ணுனோம்னு அதே பேச்சு."

நான் மூடிய டேப்புக்கு ஒரு தாய் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டில் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். அங்கேயே, அவர் காலடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன். வீட்டுக்காரர் அவரை பைக்கில் மொரப்பூரில் கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபோது, நான் அதிகாரியின் நம்பருக்குப் பேசி முடித்திருந்தேன். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் தாடிக்கார அதிகாரி வந்து எங்கள் இருவரையும் குடோனுக்குக் கூட்டிப் போனார். நொறுங்கிய விமானத்தின் உடல் பகுதியை அங்கே நடுவில் வைத்திருந்தார்கள்.

"வாயால சொல்ல வேண்டாம் மேடம். செஞ்சு காட்டுங்க" என்றார்.

அதே பக்கத்திலிருந்து குனிந்து, முந்தானையைச் சுற்றி, திருப்பிக் காட்டினேன். அவர் கைப்பிடியை வேறு வேறு நிலையில் வைத்துவிட்டு, இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா என்று மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்று முறையும் நான் கைப்பிடியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் திருப்பத் தொடங்கினேன்.

"திறந்துதான் இருந்துச்சா? நிச்சயமா?"

"இருபது வருஷமா டேப்பு மூடறவ சார். மூடுன டேப்பு எது, தொறந்த டேப்பு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "எஞ்சின் நின்னு கீழ எறங்க வேண்டியதாயிட்டா, தரையைத் தொடறதுக்கு முன்னாடி இதை மூடணும்னு சொல்லிக் குடுப்போம். தீப்பிடிக்காம இருக்க. இந்தப் பொண்ணு மூடலை."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "மூடுனான்னு ஒரு மாசம் பேசுனீங்க. இப்ப மூடலன்னு அதையும் அவ தப்புன்னு எழுதுவீங்களா?"

"மூடலைன்னு எழுதுவேன். உண்மை அதுதானே மேடம்" என்றார் அமைதியாக. "மூடிட்டா எஞ்சின் மறுபடி ஓடாது. அதனால கடைசி வரைக்கும் எஞ்சினை ஓட வைக்கப் பார்த்திருக்கலாம்னும் எழுதுவேன்."

நான் அங்கே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் இருக்கிறாரே, அதிகாரி இருக்கிறாரே என்று பார்க்கவில்லை. அழுதுகொண்டே மூச்சு இருந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார். உள்காயம் அப்படி, யார் என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்றார். எரிபொருள் விசாரணைக்கு அது தேவையில்லை என்று அதை எழுதவில்லை. புறப்படும்போது மட்டும், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார்.

போலீசில் மறுபடி வாக்குமூலம் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் நன்றாக ஏசினார், கேட்டுக்கொண்டேன். வேலை போகவில்லை. தலைமையாசிரியர் கொஞ்ச நாள் ஒரு மாதிரிப் பார்த்தார், அதோடு சரி.

அறிக்கை வர மாதங்கள் ஆயின. ஈரக் காற்றால் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடித்து மூச்சடைத்திருக்கலாம், பனி உருகிவிடுவதால் தடயம் இருக்காது, உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று முடித்திருந்தார்கள். "பாப்பிரெட்டிப்பட்டியில ஐஸாம்!" என்று பக்கத்துக் காட்டுக்காரர் இன்றுவரை நம்பவில்லை. விபத்துக்குப் பின் முதலில் வந்து சேர்ந்த ஒருவர் வால்வை மூடினார் என்று நடுவில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பெரிய எழுத்தில் யாரும் போடவில்லை. டிவியில் பேசிய நாலு பேரும் அதற்குள் வேறு விஷயத்துக்குப் போயிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா போனில் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட்டு படிச்சனுங்க டீச்சர். அந்த ஒருத்தர் நீங்கதானுங்களா?"

"நான்தானுங்க. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன். மன்னிச்சுருங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. வீட்டில் நோட்டுகளையெல்லாம் கட்டிப் பரணையில் ஏற்றிவிட்டார்கள் என்றார். அந்த அம்மா இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாராம்.

"ஒண்ணு கேக்கறனுங்க. நீங்க உள்ள கைய உட்டு அத மூடறப்ப, புள்ளைக்கு உசுரு இருந்துச்சுங்களா?"

எதிரில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கு அது கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இல்லை என்ற ஒரு சொல் போதும், அந்த மனிதர் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார். ஆனால் அதே கேள்விக்கு அதே பொய்யை நான் அவருக்கு ஏற்கெனவே ஒரு முறை சொல்லியாயிற்று.

"இருந்துச்சுங்க."

"உங்களப் பாத்தாளுங்களா?"

"பாத்தாளுங்க."

"நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். "நான் டேப்பத்தான் பாத்துட்டு இருந்தேன்."